நீ நனைத்து வைத்த மண்

போன மாதக் கடைசியில் கூடத்துச் சுவரில் இருந்த கோயில் காலண்டரைக் கழற்றினேன். ஆணி தளர்ந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால், ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி இறங்கும் அந்தப் பழைய விரிசலின் குறுக்கே, நீ சிமெண்ட் வைத்து ஒட்டிய கண்ணாடித் துண்டு இருக்கிறதே, அது நடுவில் உடைந்திருந்தது. தேதி ஒரு பாதியிலும் உன் கையெழுத்து மறு பாதியிலும் நின்றன. இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுனி போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

பத்து வருஷம் உடையாமல் இருந்த கண்ணாடி. நீ போன தை மாதம் போனாய். இந்த வைகாசியில் அது உடைந்துவிட்டது.

நான் அதைத் தொட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அளந்து பார்க்கவும் தோன்றியது. இருபத்தாறு வருஷம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பை அளந்து தின்ற கை இல்லையா இது. அலமாரியில் இருந்த, இடைவெளி அளக்கும் கேஜை எடுத்து வந்தேன். அப்புறம் அதை அப்படியே மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். உன் சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாம் முதலில் சேர்ந்து உட்கார்ந்தது கம்பெனியின் இன்ஸ்பெக்ஷன் மேசையில். நான் திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்பத்தூரில் ஹாஸ்டலில் இருந்தவள். நீ குமணன்சாவடியில் பிறந்து வளர்ந்தவள், புருஷன் விட்டுப் போனபின் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தவள். நான் ஒரு பீஸை அளந்து சரி என்று பச்சைச் சீட்டு ஒட்டுவதற்குள் நீ பத்து பீஸ் முடித்திருப்பாய். ஆனால் நான் சிவப்புச் சீட்டு ஒட்டியதை எந்த சூப்பர்வைசர் வந்து கேட்டாலும் மாற்றமாட்டேன். “இன்னாக்கா, அந்தாளு கால்ல வுழாத கொறையா கேக்குறான், ஒரு பீஸுதானே?” என்பாய். அளவு தப்பினால் தப்பினதுதான் என்பேன். என்னைப் பற்றி எனக்கே ரொம்பப் பெருமை இருந்த காலம் அது.

பாரிவாக்கத்தில் அந்த ஒரு கிரவுண்டை நீதான் கண்டுபிடித்தாய். முன்பு ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல். தனியாக வாங்க நம் இருவராலும் முடியாது என்பதால் சேர்ந்து வாங்கி இரண்டாகப் பிரித்தோம். அரை கிரவுண்டில் நாலு பக்கமும் இடம் விட்டால் வீடு தீப்பெட்டியாகிவிடும். அதனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்று முடிவு செய்தோம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் கூடம், அந்தப் பக்கம் உன் சமையலறை. நீ தேங்காய் துருவுவது எனக்குக் கேட்கும். நான் ஜெபமாலை சொல்வது உனக்குக் கேட்கும். “அக்கா, நேத்து பாதியில தூங்கிட்ட போல, அருள் நிறைந்த மரியே நின்னு போச்சு” என்று காலையில் கம்பெனி பஸ்ஸில் கேலி செய்வாய்.

ஒரே சுவர் என்றால் அஸ்திவாரமும் ஒன்றுதான். உனக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி போட முடியாது. சண்டை அங்கேதான் தொடங்கியது.

நீ பைல்தான் போட வேண்டும் என்றாய். மூலைக்கு மூலை, சுவர் கூடும் இடமெல்லாம் ஓரடி அகலத்தில் பதினைந்தடி ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகலப்படுத்தி, கம்பி இறக்கி கான்கிரீட் கொட்டுவது. அதன் தலைகளை எல்லாம் இணைத்து பீம் போட்டு, அதன் மேல் சுவர். மேல் மண் என்ன ஆட்டம் போட்டாலும் வீடு அடியில் அசையாத மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றாய். “எங்க அம்மா ஊட்டுல பாத்துகினுதானே வளந்தேன். ஐப்பசில கதவு மூடாது. சித்திரைல தாப்பா ஓட்டைல உழாது. இந்த மண்ணு மூச்சு வுடும்க்கா.”

எனக்கு அது சிரிப்பாக இருந்தது. எங்கள் ஊர் செம்மண். இரண்டரை அடிக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிக் கருங்கல்லைக் கட்டினால் பேரன் காலம் வரை நிற்கும். மண் மூச்சு விடும் என்று அங்கே யாராவது சொன்னால் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். போதாததற்கு என் அண்ணன். ஊரில் பத்துப் பதினைந்து வீடு கட்டியவன், என் ஒரே அண்ணன். தங்கச்சி தனியாக இருக்கிறாள், அவளுக்கு ஒரு வீடாவது என் கையால் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஆள்களோடு ரயிலேறி வந்திருந்தான். கத்திரி வெயிலில் மனையில் கடப்பாறையைப் போட்டான். அது தெறித்து அவன் கையை விட்டுப் போய் விழுந்தது.

“ஏட்டி, பாத்தியா? பாறை கணக்கா இருக்கு. இதுல போயி பதினஞ்சடி துளை போடணும்னு எவன் சொன்னான்?”

நீ அவனுக்குப் பக்கத்தில் நின்று தரையைக் காட்டினாய். உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. “அண்ணா, இது சித்திரை மாசம். இப்ப கல்லாத்தான் கீது. மழைல வந்து பாருங்க, கால வெச்சா முட்டி வரிக்கும் உள்ள பூடும்.”

“வயல்னா வெடிக்கத்தான் செய்யும். வீட்டுப் பாரம் ஏறினா எல்லாம் அமுங்கிரும்மா” என்றான்.

நீ அதோடு விடவில்லை. அந்த மண் கட்டி ஒன்றைக் காய வைத்து, பொடித்து, ஊறுகாய் பாட்டிலில் பாதிக்குப் போட்டு, மட்டத்தில் பேனாவால் கோடு கிழித்து, தண்ணீர் ஊற்றி வைத்தாய். மறுநாள் அதை அப்படியே துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். இன்ஸ்பெக்ஷன் மேசையில், என் வெர்னியர் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்தாய். மண் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது.

“நீதானே எதையும் அளந்துதான் ஒத்துக்குவ? அள.”

நான் அளக்கவில்லை. “வீடு என்ன பாட்டிலுக்குள்ள தண்ணியிலயா இருக்கப் போவுது?” என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நம் வேலையில் பழகிய புத்தி அது. இரும்பு சித்திரையிலும் கார்த்திகையிலும் ஒரே அளவு. ஒரு தடவை பார்த்து சரி என்று சீட்டு ஒட்டிவிட்டால் முடிந்தது, மழைக்காலத்தில் மறுபடி வந்து அளக்க வேண்டியதில்லை. மண்ணையும் நான் அப்படித்தான் பார்த்தேன். மே மாதத்தில் ஒரு நாள் பார்த்து, கெட்டி என்று பச்சைச் சீட்டு ஒட்டிவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பைல் போடும் ஆள்கள் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பங்குச் சாமியார் வந்து மனையை மந்திரித்து ஜெபம் சொல்ல நாள் குறித்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, என் அண்ணன் சொன்னதை உனக்காகத் தள்ளினேன் என்று ஆகக் கூடாது என்ற வீம்பு. நீ வெளியாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நடந்துகொண்டேன். உனக்கு அது புரிந்திருக்கும். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பஸ்ஸில் ஏறியதும், “சரிக்கா, உங்க அண்ணனே போடட்டும்” என்றாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நாலடி வானம் தோண்டினார்கள். நடுச்சுவரின் வடகிழக்கு மூலையில் சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகு நான் ஒரு மாதா பதக்கத்தைப் போட்டேன். நீ மஞ்சளும் நவதானியமும் ஒரு சின்ன செம்புத் தகடும் போட்டாய். “ரெண்டு பேரும் ஒரே குழில கீறாங்க, சண்டை போடாம இருந்தா சரி” என்று நீ சொன்னதற்குச் சாமியாரே சிரித்துவிட்டார். மேலே கருங்கல் கட்டு, அதைச் சுற்றி கான்கிரீட் பெல்ட், இடுப்பளவு பேஸ்மட்டம். ஆவணிக்குள் கூரை போட்டாகிவிட்டது. பால் காய்ச்சினோம்.

முதல் மழையிலேயே என் படுக்கையறைக் கதவு சிக்கியது. தச்சரைக் கூப்பிட்டு இழைத்தேன். அடுத்த சித்திரையில் அந்தக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. நடுச்சுவரில் முடி மாதிரி ஒரு கோடு விழுந்து, வைகாசிக்குள் விரலாகிவிட்டது. உன் பக்கத்திலும் அதே கோடு. நான் பதறவில்லை, அல்லது பதறியதைக் காட்டவில்லை. புது வீடு உட்காரும், பூச்சு வெடிக்கும் என்றேன். நீ வாதாடவில்லை. கடையில் ஒரு கண்ணாடித் துண்டு வாங்கி வந்து விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி, தேதி போட்டு, இன்ஸ்பெக்ஷன் சீட்டில் போடுவதுபோலவே கையெழுத்துப் போட்டாய். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அசையாவிட்டால் நிற்கும். அந்த வருஷம் மழைக்கு முன்பே உடைந்தது. அடுத்த வருஷம் புதிதாக ஒட்டினாய். அதுவும் உடைந்தது.

மூன்றாம் வருஷம் மாசியில் என் அண்ணன் போய்விட்டான். சாரத்தில் நின்றுகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம், அவ்வளவுதான். நீ என்னோடு திசையன்விளை வரை வந்தாய். பதினாறு நாளும் இருந்தாய். திரும்பி வந்ததும் நான் செய்த முதல் காரியம் இந்தச் சுவரைத் தடவிப் பார்த்ததுதான், உனக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் கை பட்ட இடம் என்று எனக்கு மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான். அதை உன்னிடம் சொல்லவும் செய்தேன்.

அந்தச் சித்திரையில் நீ மூன்றாவது கண்ணாடியை ஒட்டினாய். அது உடையவில்லை. நான் அதன் மேல் கோயில் காலண்டரை மாட்டினேன்.

அதே சித்திரையில்தான் நீ மண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாய். கம்பெனி விட்டு வந்து முகம் கழுவியதும், சாயங்காலம், வீட்டைச் சுற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, செடி ஒன்றும் இல்லாத வெறும் தரையில். உன் பக்கம் முடித்து என் பக்கமும் ஊற்றுவாய். வெயிலில் காய்ந்த களிமண்ணில் தண்ணீர் விழும் அந்த வாசனை என் ஜன்னல் வழியே கூடத்துக்குள் வரும். ஏன் என்று கேட்டதற்கு, “சூடு தணியட்டும்க்கா, ஊட்டுக்குள்ள அனலா அடிக்குது” என்றாய். நானும் நம்பினேன். சுவரோரம் நான் வைத்திருந்த முருங்கையை எடுத்துவிடச் சொல்லி அதே வருஷம் கேட்டாய். கீரைக்கு ஆகிற மரம், உனக்கு என்ன செய்தது என்று சண்டை போட்டு ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். மழைக்காலக் காற்றில் அது தானாக விழுந்தபோது உன் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மன்னிக்கவே இல்லை.

போர் தண்ணீர் இறங்கிப்போன கோடை ஒன்று வந்தது. லாரிக்குக் குடத்தோடு நின்றோம். அன்றைக்கும் நீ ஊற்றினாய். “குடிக்கத் தண்ணி இல்ல, நீ மண்ணுல கொட்டிக்கிட்டிருக்கே, உனக்குக் கிறுக்கா?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். மறுநாளிலிருந்து துணி அலசிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் விளக்கிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் சேர்த்து வைத்து அதை ஊற்றினாய். அக்கம்பக்கத்தில் நான் உன்னை என்ன சொல்லிச் சிரித்தேன் தெரியுமா? வெறும் மண்ணை வளர்க்கிறவள் என்றேன்.

அதைவிட மோசம் அந்தக் கிறிஸ்துமஸ். கம்பெனித் தோழிகள் நாலைந்து பேர் கேக் சாப்பிட வந்திருந்தார்கள். நீ சமையலறையிலிருந்து காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் காலண்டரைத் தூக்கிக் கண்ணாடியைக் காட்டினேன். “பைல் பைல்னு இவ என்னை என்னா பயமுறுத்துனா. பாருங்க, எங்கண்ணன் போட்ட அஸ்திவாரம். உக்காந்துருச்சு. இத்தனை வருஷத்துல ஒரு இழை அசையல” என்றேன்.

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஆமா, அவங்க அண்ணன் கைராசி அப்டி” என்றாய். நீ கேலி செய்யவில்லை. உன் கேலி எனக்குத் தெரியும்.

அப்புறம் உன் சிறுநீரகம் கெட்டது. வேலப்பன்சாவடியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நாள் ஷேர் ஆட்டோவில் போய் வந்தோம். ஒரு நாளைக்கு உனக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்ல, நானே அளந்து கொடுத்தேன். நீ அதை வாயில் வைத்துச் சப்பிச் சப்பிக் குடிப்பாய். அந்த உதட்டோடு சாயங்காலம் எழுந்து போய் வெளியே ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். தண்ணீர் தரையில் ஓடுவதைப் பார்த்தாலாவது தாகம் அடங்கும்போல என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். முடியாத நாளில் உன் மகள் ஊற்றினாள். அம்மாவின் பைத்தியம் பெண்ணுக்கும் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

நீ போனபின் உன் மகள் தேன்மொழி வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் பக்கத்தில் வேளச்சேரியில் போய்த் தங்கிவிட்டாள். கண்ணாடி உடைந்ததைப் பார்த்த அன்று அவளுக்குத்தான் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சுவரைப் பார்த்தாள். உன் பக்கத்தில் போய்ப் பார்த்தாள், சமையலறை மேடைக்கு மேலே அதே விரிசல் கைவிரல் நுழைய இருந்தது. அப்புறம் வெளியே போய்க் குனிந்து தரையைப் பார்த்தாள். சுவரோரம் மண் சுவரை விட்டு விலகிப் பிளந்து கிடந்தது.

“பெரிம்மா, தண்ணி ஊத்தலையா?”

“எதுக்கு ஊத்தணும்?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா உங்ககிட்ட சொல்லவே இல்லையா? கடைசில சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க ஊத்திக்கிட்டிருப்பீங்கன்னுதான் நான் பேசாம இருந்தேன்.”

படியில் உட்கார வைத்து மெதுவாகச் சொன்னாள். அண்ணன் இறந்து நாம் ஊரிலிருந்து திரும்பியதும் நீ யாருக்கும் தெரியாமல் ஒரு என்ஜினீயரைப் போய்ப் பார்த்திருக்கிறாய். இந்தக் களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும், அந்த இழுபறியில்தான் சுவர் வெடிக்கிறது என்றாராம் அவர். அஸ்திவாரத்தை இனி மாற்ற முடியாது, கோடையில் மண்ணை முழுக்கக் காயவிடாமல் ஒரே ஈரத்தில் வைத்திருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும், சுவரோரம் மரம் மட்டும் கூடாது என்றாராம். அவ்வளவுதான். அதற்காகத்தான் பத்துக் கோடை. அதற்காகத்தான் முருங்கை.

“போன வருஷம் ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப டெய்லி சாயங்காலம் போன் பண்ணுவாங்க பெரிம்மா. நான் சாப்ட்டேனான்னு கேக்க மாட்டாங்க. தண்ணி ஊத்துனியா, பெரிம்மா பக்கமும் ஊத்துனியான்னுதான் கேப்பாங்க.”

“என்கிட்ட ஏன்டி மறைச்சா?”

“நானும் கேட்டேன். ‘அண்ணனும் பூட்டாரு. அவரு கட்டுன ஊடும் கண்ணு முன்னாடி வெடிச்சா அக்கா தாங்காதுடி. நின்னுகினு கீதுன்னே நெனச்சிகினு இருக்கட்டும்’னாங்க.”

அவள் சொல்லிவிட்டு என் முதுகைத் தடவினாள். நான் அந்தப் பிளந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷமாக அண்ணன் ஜெயித்தான் என்று உன் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனை ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்தவள் நீ, வாளியும் கையுமாக.

போன சனிக்கிழமை வேறொரு என்ஜினீயர் வந்தார். சின்ன வயதுப் பையன்தான், ஆனால் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். ஒட்டுப் போடலாம், ஆனால் ஒவ்வொரு கோடையும் இதே கதைதான் என்றார். தேன்மொழிக்கு அம்மா மனையில் இருக்க வேண்டும் என்று ஆசை. மழை முடிந்து தை பிறந்ததும் இரண்டு பாதியையும் இடித்துவிட்டு, பைல் போட்டு, மறுபடி ஒரே நடுச்சுவரோடு கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். முடிவை என்னைத்தான் சொல்லச் சொன்னாள். அண்ணன் கட்டிய வீட்டை இடி என்று என் வாயால் சொல்லும் முன் சுவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். சொன்னேன்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். “இங்க எல்லாருக்கும் தெரியுமே மேடம், இது களிமண்ணுன்னு. கட்டுறப்ப யாருமே பைல் போடச் சொல்லலையா?”

அதற்கான பதில் பதின்மூன்று வருஷமாக நான் சொல்லாத ஒன்று. உன் தலைமாட்டில் உட்கார்ந்து தண்ணீர் அளந்து கொடுத்த நாளில்கூடச் சொல்லியிருக்கலாம். அப்போது அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்க்கிறேன். ஆனால் அந்த ஊறுகாய் பாட்டிலை மேசையில் பார்த்த அன்றே என் கண்ணுக்குத் தெரிந்தது. என் கண் ஒரு விரல் அகலத்தைத் தவறவிடாது, அது உனக்கும் தெரியும்.

“சொன்னா” என்றேன். “இவங்க அம்மா சொன்னா. பாட்டில்ல மண்ணைப் போட்டுக் காட்டக்கூடச் செஞ்சா. அவ சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல.”

தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். யார் எழுதி வைத்து என்ன, கேட்க வேண்டியவள் நீ அங்கே இல்லை.

உடைந்த கண்ணாடியை நான் சுவரிலிருந்து எடுக்கவில்லை. காலண்டரை வேறு சுவருக்கு மாற்றிவிட்டேன். கண்ணாடி அங்கேயே இருக்கட்டும், வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும். அஸ்திவாரம் தோண்டும்போது மூலையில் கிடக்கும் மாதாவையும் உன் செம்புத் தகட்டையும் பத்திரமாக எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். மறுபடி ஒரே குழியில்தான் போடப்போகிறோம்.

தேன்மொழி வந்து போன அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாயங்காலம் நான் தண்ணீர் ஊற்றுகிறேன். இடிக்கப் போகிற வீட்டுக்கு ஏன் என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். சூடு தணியட்டும் என்றேன். உன் பொய் எனக்கும் வசதியாக இருக்கிறது. முழங்கால் வலியோடு ஹோஸை இழுத்துக்கொண்டு சுற்றி வரும்போதுதான், நீ எத்தனை சுற்று சுற்றியிருப்பாய் என்று காலுக்குத் தெரிகிறது. வெயிலில் காய்ந்த மண் நனைந்து அந்த வாசனை எழும்போது, ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டு உன்னைப் பார்த்துச் சிரித்தவள் நான் என்பதும் கூடவே வருகிறது. வாசனையைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியவில்லை.

முதல் நாள் தேன்மொழியிடம் கேட்டேன், அம்மா எந்த மூலையில் ஆரம்பிப்பாள் என்று. உன் பக்கம் முடித்துவிட்டுத்தான் என் பக்கம் வருவாய் என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

“இல்ல பெரிம்மா. தொட்டில தண்ணி பாதியில நின்னுடும்னு, உங்க பக்கம்தான் மொதல்ல. காலைல நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவாங்க. சாயங்காலம் நீங்க பாக்குறப்ப ஊத்துறது ரெண்டாவது தடவை.”

நான் இப்போது உன் மூலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் என் பக்கம் காய்ந்தே கிடக்கிறது.